பூட்டு உடைந்த கடைக்கு இன்னொரு முறை வாருங்கள்

திருட்டுப் புகார்களை விசாரிக்கும் காவல் அதிகாரிகளுக்கு,

வணக்கம். செல்போன் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்றை நடத்துகிறேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை அதில் திருட்டு நடந்தது. முதல் முறை ஷட்டரின் ஒரு பக்கப் பூட்டை வெட்டிவிட்டு, ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்குக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். போலீஸ் வந்தது, கைரேகை எடுத்தது, புகாரையும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. அதில் எனக்குக் குறையில்லை. நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அதே மாதிரிப் பூட்டையே வாங்கி மாட்டினேன். பத்தொன்பதாம் நாள் அதே பக்கம், அதே நெளிவில் நெம்பினார்கள்.

இரண்டாவது முறை போனதில் பாதி என் பொருளே இல்லை. பழுது பார்க்க மற்றவர்கள் கொடுத்த போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருப்பேன். அந்தச் சீட்டுகளைப் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெயரைப் படித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒரு முறை திருட்டு நடந்த இடத்தில் மறுபடியும் நடக்கும் ஆபத்து அதிகம், அதுவும் அடுத்த சில வாரங்களில்தான் மிக அதிகம் என்பது குற்றவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். எனக்குத்தான் அது தெரியாமல் போனது. யோசித்தால் காரணம் புரிகிறது. வழி தெரியும், கல்லா எங்கே என்று தெரியும், அவசரத்துக்குச் செய்த ரிப்பேர் எவ்வளவு தாங்கும் என்று தெரியும், போன சரக்குக்குப் பதில் புதுச் சரக்கு வந்திருக்கும் என்பதும் தெரியும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களில் இதை வைத்தே வேலை செய்தார்கள். ஏற்கெனவே திருட்டுப் போன வீடுகளை முதலில் பலப்படுத்தினார்கள். காசு போட்டு மின்சாரம் எடுக்கும் மீட்டர்கள்தான் திருடர்களுக்குக் குறி என்று தெரிந்ததும் அவற்றைக் கழற்றினார்கள். சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே வீடு புகுந்து திருடுவது சுமார் 75 சதவீதம் குறைந்தது.

கடைக்கும் இதே கணக்குதான். எங்களைப் போன்றவர்களுக்குக் காவலாளி வைக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் ராத்திரி கல்லாவைக் காலி செய்து, வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி திறந்து போட்டுவிட்டுப் போவதற்குச் செலவே இல்லை. கொண்டி வெளியே தெரியாத பூட்டாக இருந்தால் வெட்டும் கருவிக்குப் பிடி கிடைக்காது. இதையெல்லாம் எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கேமரா இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. உச்சியில் மாட்டியிருந்ததால் தொப்பியும் தோளும்தான் பதிவாகின, முகம் இல்லை. பதிவுப் பெட்டியின் கடிகாரம் வேறு நாற்பது நிமிடம் பிந்தி ஓடியிருக்கிறது. இரண்டாவது முறை அந்தப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மேசையின் கீழ்தானே வைத்திருந்தேன். இப்போது ஒரு கேமரா வாசலில் முக உயரத்தில் இருக்கிறது. பெட்டி பூட்டிய இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. வரும் போன்களின் ஐஎம்இஐ எண்களை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்களை, ஒரு நோட்டில் குறித்து, அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசாரணை என்றால் முதல் சந்தேகம் கடைப் பையன் மேல்தான் விழுகிறது. உள் ஆள் காட்டிக்கொடுப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஆதாரம் எதுவும் இல்லாமல் நாலு பேர் முன்னால் வைத்து அவனைக் கேட்காதீர்கள். என்னிடம் இருந்தவன் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவன் இடத்தில் இன்னொருவரைப் பழக்க எனக்கு வெகுகாலம் ஆனது.

சரி, நான் கேட்பது இதுதான். புகார் வாங்கிய இரண்டு மூன்று நாளில் ஒருவர் திரும்ப வந்து, பின்கதவு, கூரை, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் கடைக்காரரோடு நின்று பார்க்கட்டும். எதை முதலில் மாற்ற வேண்டும் என்று சொல்லட்டும். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம் ஆறு வாரமாவது இரவு ரோந்து அந்த வாசல் வழியாக, தினமும் வேறு வேறு நேரத்தில் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு கடைக்காரர்