காற்றைத் திறந்துவிட்டுக் கதவை மூடுங்கள்

(கொரோனா தொற்றுக் காலத்தில் எழுதிய மடல்)

விமான நிறுவன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விமானத்தில் வந்த பயணி நான். ஊர் சுற்றப் போகவில்லை. மருத்துவமனையில் இருக்கும் அக்காவைப் பார்க்க, எழுபது தாண்டிய அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று, முகக்கவசம், உறுதிமொழிப் படிவம் என்று நீங்கள் கேட்ட எதையும் விடவில்லை. அவற்றில் எனக்கு வருத்தமும் இல்லை.

கதவை மூடிய பிறகு நடந்ததுதான் வருத்தம். விமானம் நகரவில்லை. ஏதோ அனுமதி வரவேண்டும் என்றார்கள். சரி, காத்திருப்போம். ஆனால் தலைக்கு மேலே இருக்கும் துளையிலிருந்து துளிக் காற்று வரவில்லை. ஐம்பது நிமிடம். நடு இருக்கைகூடக் காலியில்லை. முகக்கவசம் வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ இருமும்போதெல்லாம் முன்னால் இருந்த தலைகள் குனிந்து நிமிர்ந்தன. அம்மா கையைத் தூக்கி அந்தக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "ஃபேனைப் போடச் சொல்லுப்பா" என்றார். பணிப்பெண்ணிடம் சொன்னேன். முழுக் கவச உடைக்குள் அவரே வெந்துகொண்டிருந்தார், பாவம். "கிளம்பினதும் வந்துடும் சார்" என்றார். அவர்மேல் புகார் இல்லை. இந்த மடலைக் காட்டி அவரிடம் விளக்கம் கேட்டுவிடாதீர்கள்.

அப்போது பார்த்து ஒலிபெருக்கியில் உங்கள் பதிவுக்குரல். ஹெப்பா என்னும் காற்று வடிகட்டிகள் நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடுமாம், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுவதும் மாறிவிடுமாம். பொய்யில்லை, வானத்தில் அப்படித்தான். ஆனால் காற்றே ஓடாதபோது வடிகட்டி எதைப் பிடிக்கும்?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1977இல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் தரையில் நின்ற விமானத்தில் காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே 54 பேர். ஃப்ளூ காய்ச்சல் இருந்தது ஒரே ஒருவருக்கு. மூன்று நாளைக்குள் மற்றவர்களில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். காற்றோட்டம் இல்லாமல் 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பயணிகளை உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று, காசநோயை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் இந்தக் கொரோனா தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டது. எங்களை வைத்திருந்தது ஐம்பது.

கேட்பது ஒன்றுதான். முதல் ஆள் ஏறுவதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை காற்று ஓடட்டும். வாலில் இருக்கும் துணை எஞ்சினைப் போடுங்கள், இல்லையென்றால் நிலையத்தின் குளிர்காற்றுக் குழாயை மாட்டுங்கள். இரண்டும் முடியாதா, எங்களை இறக்கிவிடுங்கள். எரிபொருளை மிச்சம்பிடிக்கும் இடம் இதுவல்ல.

இடைவெளி இடைவெளி என்று நிலையம் முழுக்கத் தரையில் வட்டம் ஒட்டி, தாண்டியவர்களை அதட்டி, கடைசியில் எல்லோரையும் ஒரே பேருந்தில் புளிமூட்டையாக அடைத்து விமானத்தடிக்குக் கொண்டுபோனீர்களே, அந்தக் கிருமிக்குப் பேருந்தில் ஏறத் தெரியாதா? நீங்களே ரத்து செய்த முந்தைய பயணத்துக்குப் பணத்தைக் கேட்டால், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு வரவுச்சீட்டு. எங்கள் பணம், உங்கள் சீட்டு. சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.

தயவுசெய்து காற்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் விமானிகளுக்கும் தரைப் பணியாளர்களுக்கும் எழுத்தில் ஓர் உத்தரவு போனால் போதும்.

வரும் வெள்ளியன்று நானும் அம்மாவும் உங்கள் விமானத்தில்தான் திரும்புகிறோம். வேறு நிறுவனத்தில் போகலாம் என்றால், டிக்கெட் அந்த வரவுச்சீட்டில் எடுத்தது. உட்கார்ந்ததும் அம்மா முதலில் அந்தக் குமிழைத்தான் திருகிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
உங்கள் பயணி