மருமகனுக்கு: அந்தச் சிவப்புப் பொத்தான் அம்ப் வேண்டாம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் பெடல் ஸ்டீலுக்கு எந்த அம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, வாங்கலாம் என்று கேட்டு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். மூன்றுமே வேண்டாம். அதிலும் அந்தச் சிவப்புப் பொத்தான் வைத்த 15 வாட் பெட்டி வேண்டவே வேண்டாம். கிட்டாரை உறும வைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காகச் செய்தது அது. உன் கையில் இருப்பது உறுமுகிற சாமான் இல்லை, கிடையாக வைத்து, கம்பிமேல் இரும்புக் கட்டையை நகர்த்தி, கால் பெடலால் சுரத்தை ஏற்றி வாசிக்கிற ஸ்டீல் கிட்டார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய் அதையே வாங்கிவிடுவாய். உன் அம்மாவும் சின்ன வயதில் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் வலது காலைப் பற்றி. வொல்யூம் பெடல் எதற்கு என்று போன தடவை கேட்டாய். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெடல் ஸ்டீல் வாசிப்பவன் கம்பியைச் சுண்டும்போது அந்தப் பெடலைப் பாதிதான் மிதித்திருப்பான். நாதம் தேயத் தேய, பாதம் மெதுவாக அழுத்திக்கொண்டே போகும். கேட்பவனுக்கு அது தேய்வதே தெரியாது, வயலின் இழுத்த மாதிரி நின்றுகொண்டே இருக்கும். அப்படியென்றால் பாதி மிதியிலேயே உனக்கு வேண்டிய சத்தம் வந்துவிட வேண்டும். மிச்சப் பாதி கையிருப்பு. அந்தக் கையிருப்பு அம்ப்பிலும் இருக்க வேண்டும். தப்பித்தவறி பெடல் முழுக்க இறங்கியிருக்கும்போது கம்பியைச் சுண்டினால், சின்னப் பெட்டி ரம்பொடை மலை ஏற்றத்தில் ஆள் நிறைந்த பழைய பஸ் மாதிரி முக்க ஆரம்பித்துவிடும்.

சாதாரண கிட்டாரில் அந்த முக்கல் சில நேரம் அழகாகவே இருக்கும். ஒற்றைக் கம்பியின் சத்தம் உடைந்து ஒலித்தால் தடிப்பாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் நீ இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துச் சுண்டுகிறாய். அதில் ஒரு கம்பி அப்படியே நிற்க, இன்னொன்றின் சுரத்தை ஸ்டீலிலேயே இருக்கும் பெடலால் ஏற்றுகிறாய். அம்ப்பில் சத்தம் உடைந்தால் அந்த இரண்டு சுரத்துக்கும் நடுவில் நீ வாசிக்காத வேறு சுரங்கள் முளைக்கும். ஏற ஏற அவையும் கூடவே நெளியும். மழைக்குத் தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கேட்கும். கீர்த்தனைக்கு வாசிக்கப் போகிறவனுக்கு அது எதற்கு?

இன்னொன்று. உன் ஸ்டீலின் பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருளில், சுற்றியிருக்கும் கம்பி ரொம்ப அதிகம். மீட்டர் வைத்துப் பார்த்தால் 17, 18 கிலோ ஓம் காட்டும். ஒற்றைச் சுருள் போட்ட சாதாரண கிட்டாரில் 6 சொச்சம்தான். ஆக, அம்ப்பின் வாசலிலேயே பலமான சிக்னல் வந்து மோதுகிறது. வெளியே போகும் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டரைக் குறைத்துப் பிரயோசனம் இல்லை, உள்ளே வரும் சிக்னலைக் கட்டுப்படுத்தும் கெய்னைத்தான் இறக்க வேண்டும். கெய்னுக்குத் தனிப் பொத்தான் இல்லாத பெட்டியைத் திரும்பியும் பார்க்காதே.

வாட் கணக்கு உனக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் வாட் சுமார் 10 மடங்கு ஏற வேண்டும். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் "தோட்டத்து லயன் வீட்டில் வைக்க 50 வாட்டா, பக்கத்துக் காம்பிரா அறையில் ஏசுவார்களே" என்று பயப்படாதே. சத்தத்துக்குப் பொத்தான் இருக்கிறது. நீ காசு கொடுப்பது சுத்தத்துக்கு.

பெரிய ஆட்கள் எதில் வாசித்தார்கள் என்று நீ யூடியூப்பில் தேடியிருப்பாய். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், 85 வாட், கிட்டத்தட்ட 30 கிலோ. பீவி நாஷ்வில் 400, அதில் 15 அங்குல ஸ்பீக்கர். உங்கள் படியில் அதை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், வைக்கக் காம்பிராவில் உன் கட்டிலை வெளியே போட வேண்டும். அந்த ஆசையை இப்போதைக்கு மூடி வை.

ஸ்பீக்கர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. உன் ஸ்டீலின் கம்பிகளைச் சேர்த்திருப்பது E9 என்ற சுருதியில். அதன் ஆகக் கீழான கம்பி B, 123 ஹெர்ட்ஸ் சொச்சம். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியே 82 வரை இறங்கும். ஆகவே கீழ்ச்சுரத்துக்காகப் பெரிய ஸ்பீக்கர் தேடி அலைய வேண்டியதில்லை. C6 சுருதி என்றால் 65 வரை போகும், அப்போது கதை வேறு. உனக்கு 10 அங்குலம் தாராளம், 8 கூடச் சமாளிக்கும். தொல்லை மேலேதான். 12ஆவது கட்டத்தைத் தாண்டி மேல் கம்பிகளில் போகும்போது கிட்டார் அம்ப்கள் கீச்சென்று காதைக் குத்தும். மேல்சுரத்துக்கான ட்ரெபிள் பொத்தானைப் பாதிக்குக் கீழே இறக்கு. மூக்கால் பாடுகிற மாதிரிக் கேட்டால் நடுச்சுரத்துக்கான மிட் பொத்தானை ஒரு மயிரிழை குறை. ஸ்டீல்காரர்கள் 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டுவது பழைய வழக்கம்.

எதை வாங்குவது என்று கேட்பாய். புதிதென்றால் பொஸ் கட்டானா 50. 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு ஆள் தூக்கலாம், ராத்திரிக்கு அரை வாட்டுக்கு இறக்க சுவிட்ச் இருக்கிறது. அதிலுள்ள மற்ற வித்தைகளைத் தொடாதே, சத்தம் உடையாத கிளீன் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடு. பழையதென்றால் ரோலண்ட் கியூப் 30, அதன் ஜேசி கிளீன் பக்கம் உன் ஸ்டீலுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பட்டரியில் ஓடும் மைக்ரோ கியூப் வகைகள் கரண்ட் போன நேரத்துக்கும் ஹெட்போனுக்கும் சரி. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் என்னிடம் அது ஒன்றுதான் பேசியது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பழகாதே, வொல்யூம் பெடலின் கையிருப்பு என்னவென்றே உனக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி நான் பட்டது. கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில், ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான்களுக்குள் ஓர் அம்ப் கிடந்தது. கீறல்கூட இல்லை. விலையைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசவில்லை, மடியில் வைத்துக்கொண்டே ஹட்டன் வரை வந்தேன். வந்ததும் பிளக்கை மாற்றிச் சொருகினேன். சிவப்பு லைட் எரிந்தது, வழமையைவிட அழகாக எரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் உள்ளே 'டப்' என்றது. அப்புறம் கருகின மீன் மாதிரி ஒரு வாடை. அத்தை அடுப்படியைப் பார்க்க ஓடினாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பின்தகட்டில் என் சுண்டு விரல் நக அளவில் 100V என்று போட்டிருந்தது. நமக்கு 230. கடைக்காரன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் பரவாயில்லை, பின்பக்கத்தைப் பார். 100 அல்லது 120 என்றிருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அந்தக் காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு. 

அதோடு எர்த். நீ வாசிக்கும்போது இரும்புக் கட்டையைப் பிடித்த கை எந்நேரமும் கம்பிமேல்தான் இருக்கும். லயத்து வயரிங்கில் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்கும் என்று நம்ப முடியாது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அதையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல். இதில் மட்டும் எனக்குச் சாக்குச் சொல்லாதே. அது சரியான பிறகும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது டியூப் லைட்டோ சார்ஜரோ. ஸ்டீலை மெதுவாகத் திருப்பிப் பார், ஒரு கோணத்தில் இரைச்சல் படுத்துவிடும். என் வீட்டில் அந்தக் கோணம் அலுமாரியைப் பார்த்து இருக்கிறது. அதனால் அலுமாரிக்குத்தான் வாசிக்கிறேன்.

அம்ப்பைத் தரையில் வைக்காதே, சத்தமெல்லாம் உன் கெண்டைக்காலுக்குப் போகும். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல், கொஞ்சம் மல்லாத்தி, உன் காதைப் பார்க்க வை. பக்கத்துக் காம்பிராச் சுவரில் முட்டாமல் ஒரு சாண் விடு. விடியத் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் தூங்கும் நேரம் ஹெட்போன். பழகும்போது ரிவெர்பை, அந்த எதிரொலிப் பொத்தானை, பூச்சியத்தில் வை, அது சுருதி பிசகுவதை மறைத்துவிடும். மூடுபனிக்கு ஒரு துணி போட்டு மூடு.

கடையில் பார்ப்பது எப்படி? ஸ்டீலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கிட்டார் ஒன்றையும் வொல்யூம் பெடலையும் கொண்டுபோவோம். கிளீன், கெய்ன் கீழே, மாஸ்டர் மேலே, பெடல் முழுக்க மிதித்து மூன்று கம்பியைப் பலமாகச் சேர்த்துச் சுண்டு. ஓரத்தில் 'ஸ்ஸ்' என்று மணல் கொட்டினால் அடுத்த பெட்டி.

சனிக்கிழமை பெயர் போட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் நிற்காதே, அரை நாள் முடித்துவிட்டே வா. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், கிட்டார் என்னிடம் இருக்கிறது. பெடலைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வா, போன தடவை மாதிரி வயரை மட்டும் கொண்டு வராதே.

மாமா