லீவு நீச்சல் குழுவுக்கு வரும் புதிய குடும்பங்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

திருகோணமலை

அன்பின் மலர்,

உன் கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளின் நீச்சல் குழு தொடங்குவதும், புதிதாக வரும் குடும்பங்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதும் அறிந்து மெத்தச் சந்தோஷம். இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. உப்புவெளிக் கடல் அலையில்லாமல் கிடக்கிறது, பின்னேரம் முழுக்கப் பிள்ளைகள்தான். 2024 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் 13 வயதில் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தானே, அதற்குப் பிறகு "என்ர பிள்ளையையும் சேர்த்துவிடுங்கோ" என்று வரும் தாய்தகப்பன்மார் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் கடலில் பல மணித்தியாலம் நீந்துவதும் தடாகத்தில் 25 மீற்றரை விரைவாக நீந்துவதும் வேறு வேறு பயிற்சி என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

லீவு முடிவதற்கு முன்பே விலகிப்போகும் பிள்ளைகளில் அநேகம் பேருக்கு நீந்த நன்றாகத் தெரியும். என்ன நடக்கிறதென்று வீட்டில் ஒருவருக்கும் விளங்காததால்தான் விலகுகிறார்கள். அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் பெற்றோரை ஒரு மணித்தியாலம் உட்கார வைத்துப் பேசு. அந்தக் கூட்டத்துக்கு வராதவரின் பிள்ளையைச் சேர்க்காதே. கடுமையாகத் தெரியும், ஆனால் எல்லாருக்கும் நல்லது அதுதான்.

குழு என்பது நீச்சல் பழக்கும் வகுப்பு இல்லை என்பதை முதலில் சொல். கோச் கரையில் நின்று, கயிறு கட்டிப் பிரித்த ஆறு லேனையும் பார்ப்பவர், தண்ணீருக்குள் இறங்கி ஒரு பிள்ளையைப் பிடித்துப் பழக்க அவருக்கு நேரமில்லை. ஆகவே சேர்வதற்கு ஒரு சின்னச் சோதனை வை: கயிற்றைப் பிடிக்காமல் 25 மீற்றர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மல்லாந்து மிதக்க வேண்டும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விட வேண்டும். முடியாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் ஒரு மாதம் வகுப்பில் விட்டுப் பிறகு கூப்பிடு.

கடற்கரைப் பிள்ளைகள் இந்தச் சோதனையில் தடுமாறுவார்கள், தாய்தகப்பன் அதிசயப்படுவார்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். கடலில் தலையை நிமிர்த்தி நீந்திப் பழகிய பிள்ளை தடாகத்திலும் அப்படியே செய்தால் இடுப்பும் காலும் கீழே போய்விடும், பாதி வழியில் களைத்துவிடும். பார்வை அடித்தரையில் இருக்கட்டும், மூச்சைத் தண்ணீருக்குள் குமிழியாக விடட்டும். ஒரு கிழமையில் சரிவரும்.

சேரும் படிவத்தோடு பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் வாங்கு. வயதுப் பிரிவு ஒரு குறிப்பிட்ட தேதியை வைத்துத்தான் கணக்கிடப்படும். இடையில் பிறந்தநாள் வந்தாலும் பிரிவு மாறாது. அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் போடு, இல்லையென்றால் போட்டி நாளில் வாக்குவாதம் வரும். ஆஸ்த்மா, வலிப்பு, காது வருத்தம், குடிக்கும் மருந்து, பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார் என்பவையும் படிவத்தில் இருக்க வேண்டும். இன்ஹேலர் பாவிக்கும் பிள்ளை அதைப் பையில் வைத்துவிட்டு வரக்கூடாது. கோச்சின் கைக்கெட்டும் இடத்தில் பெயர் எழுதி வைக்கச் சொல். காசு விஷயத்தில் கோச் சம்பளம், தடாக வாடகை, போட்டிக் கட்டணம், தொப்பி, பஸ் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக முதலே சொல்லிவிடு. பிறகு பிறகு கேட்டால் கஷ்டப்பட்ட குடும்பம்தான் முதலில் மறையும்.

சாமான்களில் முக்கியம் கொகிள்ஸ், அதாவது நீச்சல் கண்ணாடி. பட்டியைப் போடாமல் கண்ணில் வைத்து மெல்ல அமத்திப் பார்க்க வேண்டும். கையை எடுத்த பிறகும் ஓரிரு செக்கன் ஒட்டி நின்றால் அந்த முகத்துக்குப் பொருந்தும். உடனே விழுந்தால் பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் போகும். கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் துடைக்கக் கூடாது, புகை படியாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு போய்விடும். போட்டி நாளுக்கு இன்னொரு சோடி பையில் இருக்கட்டும், பட்டி அறுவது எப்போதும் அன்றைக்குத்தான். பருத்தி ரீசேட் வேண்டவே வேண்டாம். தண்ணீரைக் குடித்துப் பாரமாகித் தோளை இழுக்கும். பெண்பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை வேண்டும் என்று கேட்கும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் உன்னிடமும் வரும். பயிற்சிக்குத் தாராளமாகப் போடலாம், நீச்சல் துணியாக இருந்தால் போதும். போட்டிக்கு மட்டும் நடுவரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி வை.

இன்னொன்று, தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பவே கூடாது. தொப்பியும் கொகிள்ஸும் வழுக்கும், தடாகத்தின் வடிகட்டியும் கெடும். இறங்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது கட்டாயம். கண் எரிவையும் தடாகத்து மணத்தையும் பார்த்துக் "குளோரின் கூடிப்போச்சு" என்பார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமீன்தான் அதற்குக் காரணம். சங்கிலி, கொலுசு, கைநூல் எல்லாம் வீட்டில் கழற்றிவிட்டு வரட்டும், லேன் கயிற்றில் மாட்டும்.

சோறோ பிட்டோ சாப்பிட்டால் பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே முடித்துவிட வேண்டும். அரை மணித்தியாலம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், போத்தல் தடாக ஓரத்தில் இருக்கட்டும். வெயிலுக்குப் பூசும் கிரீமை இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பே பூச வேண்டும், நெற்றியில் பூசினால் வழிந்து கண்ணுக்குள் போகும். காதைத் துடைக்கப் பஞ்சுக்குச்சி பாவிக்க வேண்டாம், தலையைச் சரித்துத் தண்ணீரை விழவிட்டால் போதும். காது மடலை இழுக்கும்போது நோவு இருந்தால் பயிற்சியை நிறுத்தி டொக்டரிடம் காட்ட வேண்டும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளை தடாகத்துக்கே வரக்கூடாது.

மாதவிடாய் நாட்களைப் பற்றித் தாய்மார் உன்னிடம் தனியே கேட்பார்கள். பிள்ளை விரும்பினால் நீந்தலாம், விரும்பாவிட்டால் கரையில் நேரக்கடிகாரம் பிடிக்கலாம், எல்லார் முன்னாலும் காரணம் சொல்லத் தேவையில்லை. அதைக் கேட்டுக்கொள்ள ஒரு பெண் பொறுப்பாளர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே அங்கே இருக்கவும் கூடாது. கோச்சுக்கும் இந்த விதி உண்டு.

பாதுகாப்பில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. மூச்சை அடக்கித் தண்ணீருக்கடியில் யார் கூடத் தூரம் போவது என்ற விளையாட்டை முற்றாகத் தடை செய். வேகமாகப் பல தடவை மூச்சு இழுத்து விட்டால் உடம்பில் கரியமிலவாயு குறையும். மூச்சு எடுக்கத் தூண்டுவதே அந்த வாயுதான். தூண்டல் வருவதற்கு முன் ஒட்சிசன் குறைந்து பிள்ளை சத்தமில்லாமல் மயங்கிப் போகும். நன்றாக நீந்தும் பிள்ளைக்குத்தான் இந்த ஆபத்து கூட. அதோடு, கோச் பழக்கும் நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே வேறொருவர் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

ஹோட்டல் தடாகம் எடுத்தால் ஆழத்தை நீயே அளந்து பார். தொடக்க மேடை வைக்கும் பக்கத்தில் சுவரிலிருந்து ஒரு மீற்றர் தொடங்கி ஆறு மீற்றர் வரை ஆழம் 1.35 மீற்றருக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத் தடாகங்கள் விருந்தாளிகள் நிற்பதற்காகக் கட்டியவை. அப்படியான இடத்தில் தலைகீழாகப் பாயவே விடாதே, தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்துப் புறப்படட்டும். நீளத்தையும் அள. 20 மீற்றர்த் தடாகத்தில் எடுத்த நேரத்தை 25 மீற்றர் நேரத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது.

இனிப் போட்டி நாள். பெற்றோர் குழம்புவதும் அழுவதும் அன்றைக்குத்தான், ஆகவே கூட்டத்தில் பாதி நேரத்தை இதற்கு வை. கையில் தரும் தாளில் மூன்று எண் இருக்கும்: நிகழ்ச்சி, ஹீட் (ஒரே தடவையில் சேர்ந்து நீந்தும் பிள்ளைகளின் தொகுதி), லேன். அந்த மூன்றையும் பிள்ளையின் முன்கையில் மார்க்கர் பேனையால் கட்டம் போட்டு எழுத வேண்டும். முதலில் எழுதி, காய்ந்த பிறகுதான் கிரீம். கிரீம் பூசிய தோலில் மை பிடிக்காது. மெதுவான ஹீட் முதலில் வரும். ஒவ்வொரு ஹீட்டிலும் முந்திய நேரம் நல்லதாக உள்ள பிள்ளைக்கு நடு லேன் கிடைக்கும். ஆறு லேன் என்றால் ஒழுங்கு 3, 4, 2, 5, 1, 6. ஓர லேன் கிடைத்ததைத் தகப்பன்மார் அவமானமாக எடுப்பார்கள். அது வெறும் வரிசை, முதற்போட்டியில் முந்திய நேரமே இல்லாத பிள்ளைக்கு ஓரம்தான் வரும்.

விசிலைப் பிள்ளைகளுக்குப் பழக்கு. குறுகிய விசில்கள் பல கேட்டால் ஆயத்தமாகு, நீண்ட விசில் கேட்டால் மேடையில் ஏறு. மல்லாந்து நீந்தும் பெக்ஸ்ட்ரோக்கில் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும், இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். பிறகு அசையாமல் நிற்க வேண்டும், முந்திப் பாய்ந்தால் ஒரே தடவையில் வெளியே.

பிள்ளையின் மனம் உடைவது டிஸ்குவாலிஃபை ஆகும்போது, அதாவது விதி மீறியதென்று போட்டியிலிருந்து நீக்கப்படும்போது. வென்று வந்த பிள்ளையிடம் நடுவரின் தாள் போகும், வீட்டில் ஒருவருக்கும் காரணம் விளங்காது, "கள்ள நடுவர்" என்பார்கள், அடுத்த நாள் பிள்ளை வராது. சின்னப் பிள்ளைகள் பிழைவிடுவது மூன்று நான்கு இடத்தில்தான். தவளைபோல நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் இரண்டு கையையும் சேர்த்து வீசும் பட்டர்பிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்தும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பாமல் கத்தரிக்கோல் உதையாகும். பட்டர்பிளையில் கால்கள் மாறி மாறி அடிக்கும்.

பெக்ஸ்ட்ரோக்கை வடிவாக விளங்கப்படுத்து. மல்லாந்தபடியே சுவரைத் தொட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலை அடிபடும் என்ற பயம், கடைசி இரண்டு மீற்றரில் புரண்டு பார்க்கும், அங்கேயே முடிந்தது. இதற்காகத்தான் சுவரிலிருந்து 5 மீற்றரில், தண்ணீருக்கு மேல் 1.8 மீற்றர் உயரத்தில் கொடிகள் கட்டுவது. கொடி தலைக்கு மேலே தெரிந்ததும் கைவீச்சை எண்ண வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை வீச்சில் சுவர் வரும் என்பதைப் பயிற்சியில் கண்டுபிடித்துக் கையில் எழுதிக் கொடு. பழகும்போது சுவரடியில் ஒருவர் கையை நீட்டிப் பிள்ளையின் தலையைத் தாங்கட்டும், பயம் போகும். உங்கள் தடாகத்தில் கொடி இல்லையென்றால் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் கலர்த் துணி கட்டினாலும் போதும், தூரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

விரும்பியபடி நீந்தும் பிரீஸ்டைல் இரக்கமானது. களைத்த பிள்ளை அடித்தரையில் காலூன்றி நிற்கலாம், ஆனால் நடக்கக் கூடாது. கயிற்றை இழுத்து முன்னேறக் கூடாது. இதைத் தெரிந்த பிள்ளை நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஓட்டத்தை முடிக்கும். தெரியாத பிள்ளை அழுதுகொண்டு வெளியே ஏறும்.

பெற்றோருக்கு வேலை கொடு. ஒரு லேனுக்கு மூன்று கடிகாரம் இருந்தால் நல்லது: இரண்டு ஒத்துப்போனால் அது நேரம், மூன்றும் வேறு என்றால் நடுவில் உள்ளது, இரண்டு கடிகாரம் மட்டும் என்றால் சராசரி. தொடக்கக் கருவியில் வெளிச்சம் இருந்தால் வெளிச்சத்தைப் பார்த்து அமத்த வேண்டும். சத்தம் 25 மீற்றர் வருவதற்கு 0.07 செக்கன் எடுக்கும், சின்னப் பிள்ளைகளின் முதலாமிடம் இரண்டாமிடம் அதற்குள் மாறிவிடும். நிறுத்தும்போது ஓரத்தில் குனிந்து கை சுவரில் படுவதை நேரே பார்க்க வேண்டும். ஒரு காலை முழுக்க நேரம் பிடித்த தகப்பன் பிறகு நடுவரோடு சண்டைக்குப் போகமாட்டார், இது நிச்சயம்.

வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல். ஒருவர்பின் ஒருவராக நீந்தும் ரிலேக்கு நாலு பேர். ஒருவர் சொல்லாமல் நின்றால் மற்ற மூன்று பிள்ளைகளும் நீந்தாமல் வீட்டுக்குப் போவார்கள். ரியூசனும் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையும் குறுக்கே வரும், எனக்குத் தெரியும். கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் வரலாம் என்று ஒரு வழியைத் திறந்து வை, ஆனால் அந்த இரண்டு நாளும் தவறக் கூடாது.

பயிற்சி நேரத்தில் தாய்தகப்பன் கரையிலிருந்து கத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தலை தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும், கோச் சொன்னதும் குழம்பும். வீட்டில் ஒரு கொப்பியில் பிள்ளையின் சொந்த நேரத்தை மட்டும் எழுதி வரட்டும். முதல் லீவில் நேரம் மளமளவென்று குறையும், மூச்சும் திருப்பமும் சரியாவதால். அடுத்த வருடம் அப்படிக் குறையாது, பிள்ளை சோம்பலாகிவிட்டதென்று அவர்கள் நினைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நேரம் அந்தக் கொப்பியில் வேண்டாம்.

நேரம் பிடிப்பவர்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பையும், படிவத்தின் மாதிரியையும் இதோடு வைத்திருக்கிறேன். பிரதி எடுத்துக் கொடு. தடாகத்தை அளந்ததும் ஆழம், நீளம் இரண்டையும் எழுதி அனுப்பு, லேன் எப்படிப் பிரிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி