எக்ஸிகியூட்டர் பெயரை எழுதினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 டிசம்பரில் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியதிலிருந்து, எங்கள் தெருப் பெரியவர்களிடம் ஒரே பேச்சாக இருக்கிறது. "இனிமே புரொபேட்டே வேண்டாமாம், அப்புறம் உயில்ல எக்ஸிகியூட்டர் எதுக்கு?" என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்றுதான் புரொபேட். உயிலில் எழுதியதை நடத்தி முடிக்க அதில் பெயர் குறிக்கப்பட்டவர்தான் எக்ஸிகியூட்டர். அந்த 213-வது பிரிவு புரொபேட்டைப் பற்றியது மட்டும்தான். நான் இருப்பது தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். சென்னை, மும்பை நகர எல்லைக்குள்ளோ பழைய வங்காள மாகாணத்திலோ எழுதிய உயிலாக இருந்தால், அல்லது அங்கே உள்ள வீடு மனை சம்பந்தப்பட்டிருந்தால்தான் இந்துக்களுக்குப் புரொபேட் கட்டாயமாக இருந்தது. எங்கள் பக்கம் அது என்றைக்கும் கட்டாயமில்லை. ஆனாலும் என் நண்பரின் எக்ஸிகியூட்டராக மூன்று வருடம் கோர்ட் படி ஏறி இறங்கியிருக்கிறேன். புரொபேட் போனாலும் அந்த வேலை போகவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நண்பர் பாத்திரக்கடை வைத்திருந்தவர். முப்பது வருடப் பழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை அவர் மகள் பீரோவைத் திறந்து உயிலை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். இரண்டே பக்கம். கடைசிப் பாராவில் "இந்த உயிலை நிறைவேற்றுபவராக" என்று போட்டு என் பெயர், என் அப்பா பெயர், கதவு எண் வரை சரியாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். பொறுப்பை ஏற்பதற்கு முன்பே எழுத்தில் விலகிக்கொள்ள எனக்குச் சட்டம் இடம் தருகிறது. மனசு இடம் தரவில்லை.

ஏழு மாதம் கழித்துக் கடைப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மஞ்சள் பை கிடைத்தது. உள்ளே வழக்குக் கட்டு. நாலு லட்சம் ரூபாய்க்கு புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பித் தராத ஒருவர் மேல் நண்பர் வழக்குப் போட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. நண்பருடைய சாவுக்குப் பெரிய மாலையோடு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தவர்தான் அந்தப் பிரதிவாதி. அவர் தரப்பு வக்கீல்தான் வாதி இறந்துவிட்டார் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார். நம் வக்கீலின் குமாஸ்தா நண்பரின் செல்லுக்கே மாறி மாறிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த நம்பரை மகன் முதல் மாதமே நிறுத்திவிட்டான்.

வாதி இறந்தால் 90 நாளுக்குள் அவர் இடத்தில் நிற்பவர் மனுப் போட்டு வழக்கில் சேர வேண்டும். சேராவிட்டால் வழக்கு அற்றுப்போகும். கோர்ட்டில் "அபேட் ஆயிடுச்சு" என்பார்கள். அதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. அதுவும் தாண்டிவிட்டால், ஏன் தாமதம் என்று நம்பும்படி காரணம் காட்ட வேண்டும். நான் மூன்று மனு போட்டேன்: தாமதத்தை மன்னிக்க ஒன்று, அற்றுப்போனதை ரத்து செய்ய ஒன்று, என்னைச் சேர்க்க ஒன்று. அந்த மஞ்சள் பை பீரோவில் உயிலோடு இருந்திருந்தால் ஒரு மனுவில் முடிந்திருக்கும்.

"இவர் யார்? ரத்த சம்பந்தமா? வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஊரில் பலருக்கும் உள்ள குழப்பம் இதுதான். எக்ஸிகியூட்டர் வாரிசாக இருக்க வேண்டியதில்லை. இறந்தவருடைய சட்டப்படியான பிரதிநிதி அவர்தான், சொத்தும் அந்த முறையில் அவர் கைக்கு வருகிறது என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 211-வது பிரிவு சொல்கிறது. இறந்தவருக்கு வரவேண்டிய பணத்துக்கு வழக்கு நடத்தும் அதிகாரம் 305-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் உயில் உண்மைதான் என்று காட்ட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் கடைக்கு எதிரே தையல் மிஷின் போட்டிருப்பவர். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கூண்டில் ஏறி, உயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என் கையெழுத்துதாங்க. அண்ணாச்சி என் முன்னாடிதான் போட்டாரு" என்றார். மனுக்கள் அனுமதிக்கப்பட்டன. துபாயில் இருக்கும் மகனும் திருப்பூரில் இருக்கும் மகளும் ஒரு வாய்தாவுக்குக்கூட வரவில்லை. அவர்களுக்கும் சேர்த்து நான் நின்றால் போதும்.

எல்லா வழக்கும் இப்படித் தொடர்வதில்லை. தன்னைப் பற்றி அவதூறு பேசியவர் மேல் நண்பர் போட்டிருந்த வழக்கு அவரோடு போய்விட்டது. ஆனால் சுவர் இடிந்ததற்கு நஷ்டஈடு கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் அவர் மேல் போட்ட வழக்கில் என்னைப் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். சம்மன் வந்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை. "நம்ம வீட்டை ஜப்தி பண்ணிட்டா?" என்று அழுதாள். தீர்ப்பு பாதகமானாலும் இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் வசூலிக்க முடியும், அந்தச் சொத்தை நான் முறைகேடாகக் கரைத்திருந்தால்தான் என் கையைக் கடிக்கும் என்று வக்கீல் வாயால் கேட்ட பிறகுதான் அடங்கினாள்.

அதனால்தான் கணக்கு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவன், அது எனக்குப் பழக்கமும்கூட. முதலில் ஈமச் செலவும் கடைசிக்கால ஆஸ்பத்திரிச் செலவும், அடுத்து கோர்ட் செலவு, கடைப் பையனுக்கு நின்ற சம்பளம், பிறகு மற்றக் கடன்கள். பிள்ளைகளுக்கு எழுதியது எல்லாவற்றுக்கும் பின்னால்தான். "அப்பா எனக்கு எழுதின வளையலை இப்பவே எடுத்துக்கட்டுமா மாமா?" என்று மகள் கேட்டாள். சுவர் வழக்கு முடியட்டும் அம்மா என்றேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் தூக்கி வளர்த்த பெண். எழுதி வைத்த அப்பாவே அவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உயில் எழுதும் பெரியவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யார் பெயரை எழுதப் போகிறீர்களோ அவரை எதிரே உட்காரவைத்துச் சம்மதம் கேளுங்கள். உங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பெயரும் எழுதுங்கள். நீங்கள் போட்ட வழக்கு, உங்கள் மேல் உள்ள வழக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். எந்தக் கோர்ட், என்ன எண், எப்போது வாய்தா, வக்கீல் யார், புரோநோட்டு எங்கே இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் நாளிதழின் சட்டக் கேள்வி பதில் பகுதியிலும் அந்த 90 நாள் கணக்கை அடிக்கடி போடுங்கள்.

நாலு லட்சத்துக்கும் வட்டிக்கும் போன தை மாதம் டிக்ரி ஆனது. பணம் இன்னும் வரவில்லை, நிறைவேற்று மனு போட்டிருக்கிறேன். என் உயிலில் தங்கை மகளை எக்ஸிகியூட்டராகப் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தேன். அதில் இந்த வழக்கின் எண்ணும் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு, "வக்கீல் குமாஸ்தா நம்பரையும் எழுதுங்க மாமா" என்றாள். எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
தஞ்சை மாவட்டம்
(பெயரை வெளியிட வேண்டாம்)