லாரி என்ஜினுக்குப் பொருந்தாத நிறமும் அழிந்துபோன மாதிரியும்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 1951 செவர்லே லாரி என்ஜினுக்குத் தவறான சாம்பல் நிறம் கலந்து தந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்திற்காக என் தாத்தா வாங்கிய செவர்லே லாரியை, கம்பெனியிலிருந்து வந்தபடியே மீட்டெடுக்க மூன்று ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறேன். அதன் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினுக்குத் தொழிற்சாலையில் அடித்தது சாம்பல் நிறம். எந்தப் பழைய நிறத்தையும் மெஷினில் வைத்துப் படித்து அப்படியே கலந்து தருவதாகத் தங்கள் பெயிண்ட் கம்பெனியின் சேலம் கிளைப் பலகையில் எழுதியிருந்ததை நம்பியே வந்தேன்.

வெயிலும் சூடும் பட்டு என்ஜினின் மேல்புறம் முழுவதும் மஞ்சளித்துவிட்டது. டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டின் உட்புறத்தில் மட்டும், எழுபது ஆண்டு எண்ணெய்க் கசடு மூடிக் காத்த எட்டணா அகலப் பெயிண்ட் அசல் நிறத்தில் மிஞ்சியிருந்தது. அந்த பிராக்கெட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்தால், மெஷின் கோயம்புத்தூரில் இருக்கிறது என்றார்கள். கோயம்புத்தூர் சென்றால், அதை இயக்குபவர் விடுப்பில் இருப்பதாகச் சொல்லி, பிராக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

முதல் டின் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் சரியாகவே தெரிந்தது; வெயிலில் நீலம் அடித்தது. ஒரே வெளிச்சத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? இரண்டாவது டின்னில் வந்தது ஐ.எஸ். 5 என்னும் இந்தியத் தர நிற அட்டவணையின் 631ஆம் எண் நிறம், அதாவது எவரும் அட்டையைப் பார்த்து எடுத்துத் தரக்கூடிய வெளிர் சாம்பல். அதுவும் சூடு தாங்கும் எனாமல் அன்று. முதல் மலையேற்றத்திலேயே சிலிண்டர் ஹெட் ஓரத்தில் கொப்பளித்து உரிந்தது.

இதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது தங்கள் ஊழியர் ஒருவர், "சாம்பல்னா சாம்பல்தானே சார், பானட்டைத் தூக்கி யார் பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தார். நான் பார்ப்பேன், ஐயா. என் தாத்தா பார்த்த நிறத்தைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

அதைவிடக் கொடுமை, பிராக்கெட் பளபளவென்று வெறும் இரும்பாகத் திரும்பி வந்தது. கசடு இருந்ததால் தின்னர் போட்டுத் துடைத்தோம் என்று எழுதிய துண்டுச் சீட்டும் உடன் இருந்தது. ஒரு குடும்பத்தின் வரலாற்றையே துடைத்துப் போட்டுவிட்டீர்கள். ஐந்து லட்சம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

எனினும் தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. துடைப்பதற்கு முன் மெஷின் எடுத்த அளவீடு தங்களிடம் இருக்க வேண்டும். அதைத் தயவுசெய்து அனுப்பி, அதன்படி சூடு தாங்கும் எனாமலில் இரண்டு லிட்டர் கலந்து தர வேண்டுகிறேன். அளவீடே எடுக்காமல் துடைத்திருந்தால், அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், இரண்டு டின்களையும் பிராக்கெட்டையும் துண்டுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குச் செல்வேன். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணம்கூட இல்லை என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லாரியின் உரிமையாளர்,
ஏற்காடு.