வளவெல்லாம் கல்லுப் பதிச்சா மழைத்தண்ணி எங்க போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடிப் பக்கம் புதுசா வீடு கட்டுறாக்கள் வளவு முழுக்க இன்டர்லொக் கல்லப் பதிச்சிட்டு கார்டன் எண்டு நாலு பூச்சாடிய வைக்கிறாங்க, மாரியில தண்ணி இறங்க இடமில்ல, கச்சான் எண்ட சூட்டுக் காத்தடிக்கிற நேரம் கல்லுச் சுட்டு முத்தத்துல கால் வைக்கேலாது. புல்லுத்தரையும் சரிவராது, எங்கட மணலுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் நிக்காது. தென்னம் பொச்ச (தேங்கா உரிச்ச மட்டைய) குழியில தாட்டு மேல செவ்வரத்தை, நித்தியகல்யாணி, கத்தாழை எண்டு நட்டா வேர் பிடிச்ச பிறகு பெருசா வேலையே இல்ல, பொச்சு தண்ணியப் பிடிச்சு வச்சிருக்கும், சருகையும் அடியில பரப்பி விட்டா மண் காயாது (எங்கட ஆக்களுக்கு அதக் கூட்டிக் கொளுத்தினாத்தான் துப்புரவு!). முருங்கையும் நல்லம், ஆனா கூரைக்குக் கிட்ட வேணாம், கொப்பு லேசா முறியும். கல்லுப் போடத்தான் வேணுமெண்டா வாகனம் போற பாதைக்கு மட்டும் போடுங்க.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு