அறை வெப்பநிலை மீக்கடத்தி: பரிசோதனை முடிவுக்கும் முதல் பக்கத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன், சிறிதளவு தாமிரம் ஆகியவை சேர்ந்த ஒரு பொருள் அறை வெப்பநிலையிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது, அதாவது அது ஒரு மீக்கடத்தி, என்று அறிவித்தார்கள். எல்கே-99 என்னும் அப்பொருளின் சிறு துண்டு, ஒரு முனை காந்தத்தைத் தொட்டிருக்க மறுமுனை அந்தரத்தில் எழும்பி நின்ற காணொளி, நான் அறிந்த மாணவர்கள் பலரின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. அறிவிப்பு செய்தியான வேகத்தில், அடுத்த சில வாரங்களில் அக்கூற்று ஆய்வகங்களில் எப்படிச் சோதிக்கப்பட்டு விழுந்தது என்பது செய்தியாகவில்லை. அறிவியலில் ஆர்வமுள்ள வாசகர் அறிந்து மகிழ வேண்டிய பகுதி அந்தச் சோதனைகள்தான் என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மீக்கடத்துத்திறன் 1911ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் குழுவினரால் கண்டறியப்பட்டது. திரவ ஹீலியத்தின் துணையோடு பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அளக்க முடியாத அளவுக்கு மறைந்தது. இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் கருவிகள் பெரும்பாலானவற்றில் நையோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள்கள் அதே திரவ ஹீலியத்தில்தான் குளிர்விக்கப்படுகின்றன. அந்தக் குளிரூட்டலே தேவையில்லாத ஒரு பொருள் கிடைத்தால் மருத்துவமும் மின் விநியோகமும் எவ்வளவு மாறும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் அப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது எழும் பரபரப்பை நான் குறைகூறவில்லை.

ஆனால் மின்தடை சட்டென்று விழுவதை மட்டும் காட்டினால் மீக்கடத்தி ஆகிவிடாது. 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டறிந்தபடி, ஒரு மீக்கடத்தி தன் மாறுநிலை வெப்பநிலைக்குக் (மீக்கடத்துத்திறன் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிரும்போது தன்னுள் ஏற்கெனவே இருந்த காந்தப்புலத்தையும் வெளியே தள்ளிவிடும். மின்தடை இல்லாத வெறும் கடத்தி அப்படிச் செய்யாது. எனவே மின் அளவீடு, காந்த அளவீடு என இரண்டும் ஒரே வெப்பநிலையில் ஒன்றையொன்று உறுதிசெய்ய வேண்டும். காந்தத்தின் மேல் மிதப்பதும் போதிய சான்றன்று. பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டும் டயா காந்தப் பொருள்தான், அதாவது காந்தத்தால் மெல்ல விலக்கப்படும் பொருள். வலிமையான காந்தங்களின் மேல் அதன் மெல்லிய தகடு முழுமையாகவே மிதக்கும். ஒரு முனை ஒட்டிக்கொண்டு மறுமுனை எழும்பி நிற்பதற்கோ இரும்பைப் போல் காந்தத்தால் ஈர்க்கப்படும் ஃபெர்ரோ காந்தத்தன்மை சிறிதளவு இருந்தாலே போதும்.

எல்கே-99 விழுந்த கதையில் இவை அத்தனையும் வருகின்றன. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் அதைச் சில நாள்களுக்குள் தயாரித்துப் பார்த்து, அறை வெப்பநிலையில் மீக்கடத்துத்திறனுக்கான அடையாளம் இல்லை என்று உலகில் முதலில் அறிவித்தவர்களுள் இடம்பெற்றார்கள். கொரியர்களின் தயாரிப்பு முறையில் தாமிரமும் கந்தகமும் சேர்ந்த தாமிர சல்பைடு கசடாகத் தங்கிவிடுகிறது. அந்த தாமிர சல்பைடு 104 டிகிரி செல்சியஸை ஒட்டித் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பது வேதியியலார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கொரியர்களின் வரைபடத்திலும் மின்தடை ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் விழுந்திருந்தது என்பதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலர் பிரசாந்த் ஜெயின் சுட்டிக்காட்டினார். பெய்ஜிங் இயற்பியல் நிறுவனத்தினர் தாமிர சல்பைடைத் தனியே அளந்து, அந்த அமைப்பு மாற்றத்தின்போது அதன் மின்தடை ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவதைக் காட்டினார்கள். மீக்கடத்தியின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது கசடின் குணமே என்று தெரிந்தது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரின் வேலை. கசடுக்கு இடமே தரக் கூடாது என்று கந்தகம் சேராத முறையைக் கையாண்டு, அப்பொருளைத் தூய ஒற்றைப் படிகங்களாகவே அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். படிகங்கள் ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்தன. உலோகத்தைப் போல் கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்த பொருள், கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், ஊடுருவ விடாது. ஆகவே மின்முனைகளை இணைப்பதற்கு முன்பே அது கடத்தியாக இருப்பது அரிது என்பதைப் படிகத்தின் நிறமே கூறிவிட்டது. மின்தடையை அளந்தபோது அது பல மில்லியன் ஓம் அளவில் இருந்தது, அதாவது மிக நல்ல மின்காப்புப் பொருள். மின்சாரம், காந்தம், ஒளி ஆகிய மூன்று வழிகளில் கேட்ட கேள்விக்கும் அப்பொருள் ஒரே பதிலைத் தந்ததை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் ஆசை வரும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. மேலே சொன்ன தில்லி ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1898இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928இல் கொல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் என்றே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன்பின் டாக்காவிலும் மீண்டும் கொல்கத்தாவிலும் அவர் செய்த படிகக் காந்தவியல் ஆய்வுகளை மிகச் சிலரே அறிவார்கள். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் நிலைகொள்ளாமல் சட்டெனத் திரும்பிவிடும். அந்த முறுக்குக் கோணத்திலிருந்து படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுபடுகிறது என்பதைக் கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் கணக்கிட்டார்கள். நாஃப்தலின், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களுக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை எக்ஸ் கதிர்களுக்குத் துணையாக நின்று சொன்னவை இத்தகைய அளவீடுகளே. ஓர் இழையும் ஒரு காந்தமும் அளவற்ற பொறுமையும் கொண்டு செய்த அந்த ஆய்வுகள் உலக அறிவியலில் நிலைத்து நிற்கின்றன.

பரபரப்பான அறிவிப்புகள் எல்லாமே பொய்த்துப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் சூரிக் நகரின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடு ஒன்றில் சுமார் 30 கெல்வினுக்கு (மைனஸ் 243 டிகிரி செல்சியஸ்) மேலேயே மீக்கடத்துத்திறன் தொடங்குவதாகச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. அவர்கள் காந்த அளவீட்டையும் செய்து காட்டினார்கள். டோக்கியோவிலும் அது உறுதியானது. மறு ஆண்டே வேறொரு தாமிர ஆக்சைடு 93 கெல்வினில் (மைனஸ் 180 டிகிரி செல்சியஸ்), திரவ நைட்ரஜனால் குளிர்வித்தாலே போதும் என்ற அளவில், மீக்கடத்தியானது. அதே 1987இல் பெட்நோர்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. மாறாக, அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இலும் 2023இலும் வெளியான இரண்டு அறை வெப்பநிலைக் கூற்றுகளும், தரவுகளைப் பற்றிய கேள்விகள் எழுந்த பின் நேச்சர் இதழால் திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கை இது. இப்படியோர் அறிவிப்பு மீண்டும் வரும்போது, மின்தடை எவ்வாறு அளக்கப்பட்டது, காந்தப்புலம் வெளியேற்றப்படுவது காட்டப்பட்டதா, வேறோர் ஆய்வகம் அதைத் தயாரித்துப் பார்த்ததா என்ற விவரங்களை முதல் நாள் செய்தியிலேயே சேர்த்து வெளியிடுங்கள். அவற்றுள் எது நடக்கவில்லையோ அதையும் அதே செய்தியில் குறிப்பிடுங்கள். சில வாரங்கள் கழித்துச் சோதனை முடிவுகள் வரும்போது, கூற்று நின்றாலும் விழுந்தாலும், அறிவிப்பு வந்த பக்கத்திலேயே அவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மிக நுண்ணிய காந்தப்புலங்களை அளக்கும் மீக்கடத்திக் கருவிகளையே உருவாக்கும் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அத்தகையோரிடம் கருத்துக் கேட்டு, தமிழிலேயே விளக்கம் பெற்று அச்சிடுவது தங்களைப் போன்ற நாளிதழுக்கு இயலாத காரியமன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.